பேஸ்பால் அட்டைகளும் பெவர்லி ஹில்ஸ் பிள்ளைகளும்

என் மேசை டிராயருக்குள் ஒரு டிவி இருக்கிறது. அகலம் மூன்றே முக்கால் அங்குலம், உயரம் இரண்டரை. மரச்சட்டம் போட்ட அந்தக் காலத்துப் பெட்டி. திரைக்குள் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

1955இல் போமன் என்ற சூயிங்கம் கம்பெனி வெளியிட்ட அட்டை அது. சின்ன வயசில் பபிள்கம் பாக்கெட்டுக்குள் கிரிக்கெட் படம் கிடைக்குமே, அதே சங்கதிதான். அமெரிக்காவில் கலர் டிவி விற்பனைக்கு வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பசங்க எல்லாம் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், ஆட்டக்காரர்களையே டிவிக்குள் உட்கார வைத்துவிட்டார்கள் போல. மொத்தம் 320 அட்டை. அம்பயர்களுக்குக்கூட ஆளுக்கொரு டிவி. அவசரத்தில் அண்ணன் தம்பிகளான மில்ட் போலிங், ஃபிராங்க் போலிங் இருவரின் அட்டைகளில் பின்பக்கத்தை மாற்றி அச்சடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் போமனின் கதையே முடிந்தது. போட்டிக் கம்பெனியான டாப்ஸ் விலைக்கு வாங்கிவிட்டது.

இந்த அட்டை என்னிடம் வந்த கதையைச் சொன்னால்தான் மீதி விளங்கும். 2008 வாக்கில் ஆன்சைட் என்ற பெயரில் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் ஒன்றரை வருஷம் கிடந்தேன். வார நாளில் ஜாவா, வார இறுதியில் துணி துவைப்பு. அபார்ட்மெண்டில் நாங்கள் நாலு பேர். அதில் ஒருத்தன் எங்கேயோ தள்ளுபடியில் 'பெவர்லி ஹில்ஸ், 90210' டிவிடிகளை வாங்கி வந்துவிட்டான். தெரியாதவர்களுக்கு: 1990 அக்டோபர் முதல் 2000 மே வரை ஃபாக்ஸ் டிவியில் பத்து சீசன் ஓடிய பள்ளிக்கூடப் பசங்க நாடகம். 90210 என்பது அந்தப் பணக்கார ஊரின் பின்கோடு. முதல் நாள் கிண்டல் பண்ணிக்கொண்டே பார்த்தோம். மூன்றாவது சீசன் வரும்போது "டேய், நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள போட்டுடாதே" என்று கத்துகிற நிலைமைக்கு வந்திருந்தேன்.

அதே சமயத்தில் ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டிய அமெரிக்கர், ஒரு சனிக்கிழமை என்னைப் பழைய அட்டைச் சந்தைக்கு அழைத்துப் போனார். சின்ன வயசில் அவர் ஷூ டப்பா நிறைய சேர்த்து வைத்திருந்தாராம். காலேஜுக்குப் போன வருஷம் அம்மா வீட்டைச் சுத்தம் பண்ணியிருக்கிறார். டப்பா குப்பைக்குப் போய்விட்டது. (எனக்குத் தெரிந்து அந்த வயசு அமெரிக்கர்கள் பாதிப்பேரிடம் இந்த அம்மா கதை இருக்கிறது.) அந்தச் சந்தையில் நாலு டாலர் கொடுத்து நான் வாங்கியதுதான் இந்த டிவி அட்டை. திரும்பி வரும்போது காரில் சும்மா விளையாட்டுக்கு ஆரம்பித்தோம்: 90210 பாத்திரங்கள் பேஸ்பால் அட்டைகளாக இருந்தால் யார் எந்த அட்டை?

முழுக்க அபத்தமும் இல்லை. 1991இல் நாடகம் சூடு பிடித்தபோது பிரெண்டா, டிலன் முகங்களைப் போட்டு பாக்கெட் பாக்கெட்டாக அட்டை விற்றது யார் தெரியுமா? அதே டாப்ஸ்தான். உலகத்தின் மிகப் பிரபலமான பேஸ்பால் அட்டையை அச்சடித்த அதே கம்பெனி.

ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஆட்டக்காரர் எத்தனை ரன் எடுத்தார் என்பது கணக்கில் வராது. அட்டையின் தலையெழுத்தும் பாத்திரத்தின் தலையெழுத்தும் பொருந்த வேண்டும். ஜாதகப் பொருத்தம் மாதிரி.

டிலன் மெக்கேயில் இருந்து தொடங்குவோம். எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள். லூக் பெர்ரி நடித்த பாத்திரம். நெற்றியில் சுருக்கம், பழைய போர்ஷே கார், காசு கொட்டிக்கிடக்கும் தனிமை. இவருக்கு 1952 டாப்ஸ், எண் 311, மிக்கி மேன்டில். இதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

காரணம் கேளுங்கள். மேன்டில் அட்டை என்றால் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள், ஆனால் இது அவருடைய முதல் அட்டை இல்லை. முதல் அட்டை 1951 போமன். டிலனும் முதல் எபிசோடில் கிடையாது, இரண்டாவதில்தான் வருகிறான். அப்புறம், இந்த அட்டை அபூர்வமும் இல்லை. அச்சுத் தாளில் மேன்டிலுக்கு இரண்டு இடம் கொடுத்திருந்தார்கள், அதாவது பக்கத்து எண்காரர்கள் பலரைவிட இரண்டு மடங்கு அச்சாகியிருக்கிறது. அப்படியும் 2022 ஆகஸ்டில் நல்ல நிலையில் இருந்த ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அதற்குப் பின்னால் ஒரு குப்பைக் கதை இருக்கிறது. 1952 அட்டைகளை வடிவமைத்தவர் டாப்ஸின் சை பெர்கர், புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து. 311 முதல் 407 வரையான கடைசித் தொகுதி சீசன் முடிகிற நேரத்தில் கடைக்கு வந்தது. பசங்களின் கவனம் அப்போது கால்பந்துக்குத் திரும்பியிருந்தது (அமெரிக்கக் கால்பந்து, கையால் விளையாடுவது). சரக்கு தேங்கிவிட்டது. வருஷக்கணக்கில் கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததை, 1960இல் குப்பைப் படகில் ஏற்றி நியூ ஜெர்சிக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கொட்டினோம் என்று பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேன்டில்களும் அதில் போயிருப்பார்கள்.

அந்த அட்டையைப் பாருங்கள். தோளில் மட்டை, பின்னால் நீல வானம், மேலே எதையோ நம்பிக்கையோடு பார்க்கிற இருபது வயசுப் பையன். அதே 1952 மே மாதம்தான் அவருடைய அப்பா புற்றுநோயில் இறந்தார். ஓக்லஹாமாவில் சுரங்கத் தொழிலாளி, மகனைச் சின்ன வயசிலிருந்து பேஸ்பால் ஆட்டக்காரனாகவே வளர்த்தவர். கடைசித் தொகுதி கடைக்கு வந்தபோது மேன்டில் அப்பா இல்லாத பிள்ளை. டிலனின் அப்பா மூன்றாவது சீசனில் கார் குண்டில் போகிறார். (பத்தாவது சீசனில் உயிரோடு திரும்பி வருகிறார். சீரியல்காரர்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.) இரண்டு பேருக்கும் குடிதான் அடுத்த துணை. மேன்டில் 1994இல் போய்ச் சிகிச்சைக்குச் சேர்ந்தார், 1995இல் கல்லீரல் மாற்று அறுவை, அதே ஆகஸ்டில் 63 வயதில் மரணம். சாவதற்கு முந்தின மாதம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, என்னை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பசங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார். லூக் பெர்ரியும் 2019இல் 52 வயதில் போய்விட்டார். அந்தக் கார் பயணத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் படித்தபோதுதான் விளையாட்டு கொஞ்சம் கனமாக ஆரம்பித்தது.

பிரெண்டா வால்ஷ். ஷானன் டோஹர்ட்டி. நாலாவது சீசன் முடிவில், 1994இல், நாடகம் படிக்க லண்டன் போகிறேன் என்று கிளம்பியவள். அந்தத் தொடருக்குத் திரும்பி வரவேயில்லை. மீதி ஆறு சீசனிலும் அவள் இல்லாததுதான் தெரிந்துகொண்டே இருக்கும். இல்லாமல் போனதால் பெரிதான அட்டை என்றால் ஒன்றுதான் இருக்கிறது: ஹோனஸ் வாக்னர்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்த அட்டைகள் ஐந்நூற்றுச் சொச்சம். அதில் பிட்ஸ்பர்க் வாக்னரின் அட்டை மட்டும் கொஞ்சம் அச்சானதோடு நிறுத்தப்பட்டது. இன்றைக்கு ஐம்பது, அறுபது இருந்தால் அதிகம். 2022 ஆகஸ்டில் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கை மாறியது. ஏன் நிறுத்தினார்கள்? தன் படத்துக்காகப் பசங்க சிகரெட் வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது ஒரு கட்சி. அவரே புகையிலை மெல்லுகிறவர், காசு போதவில்லை என்றுதான் மறுத்தார் என்பது எதிர்க்கட்சி.

1912இல் ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகை எழுதிய ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். வாக்னரிடம் சம்மதம் வாங்கித் தந்தால் பத்து டாலர் என்று கம்பெனி ஜான் குரூபர் என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரரிடம் சொல்லியிருக்கிறது. வாக்னர் மறுத்துவிட்டு, உனக்கு நஷ்டம் வேண்டாம் என்று குரூபருக்குப் பத்து டாலருக்குச் செக் அனுப்பினாராம். குரூபர் அந்தச் செக்கை மாற்றாமல் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டாராம். ஆக, கேட்டால் மறுக்கலாம் என்று ஒருத்தருக்காவது தோன்றியிருக்கிறது. இதை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாக்னர் அட்டைகளிலேயே ரொம்பப் பெயர் பெற்றது, ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி 1991இல் கூட்டாளியோடு சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. பிறகு வால்மார்ட் பரிசுப் போட்டி ஒன்றில் ஒரு தபால் ஊழியருக்குப் போய், வரி கட்ட முடியாமல் அவர் விற்று, கடைசியில் 2007இல் 28 லட்சம் டாலருக்கு வந்து நின்றது. நூறு வருஷப் பழசு, ஆனால் ஓரங்கள் கத்தி மாதிரி. ஆச்சரியம்தான். 2013இல் அதற்கு விடை கிடைத்தது. ஒரு காலத்தில் அதை வைத்திருந்த ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, ஓரத்தை வெட்டிச் சீராக்கியது நான்தான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பெவர்லி ஹில்ஸில் இதற்கென்று டாக்டர்களே இருக்கிறார்கள்.

பிரெண்டாவின் இரட்டைச் சகோதரன் பிராண்டன். நல்ல பையன். ரொம்ப நல்ல பையன். கதை அவனை வைத்துத்தான் ஆரம்பிக்கிறது, ஆனால் சுவரில் ஒட்டிய போஸ்டர் எல்லாம் டிலனுடையது. இவனுக்கு நான் கொடுத்தது 1968 டாப்ஸ், எண் 177. மெட்ஸ் அணியின் இரண்டு புதுமுகப் பிட்சர்கள் (நம்ம பவுலர் மாதிரி) ஒரே அட்டையில்: ஜெர்ரி கூஸ்மன், நோலன் ரயன். பிராண்டன் இதில் கூஸ்மன். அந்த வருஷம் கூஸ்மன் 19 ஆட்டம் ஜெயித்தார், ரயன் வெறும் ஆறு. அடுத்த வருஷம் மெட்ஸ் உலகத் தொடரை வென்றபோது அதில் இரண்டு வெற்றி கூஸ்மனுடையது, கடைசி ஆட்டம் உட்பட. எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் ரயனை மெட்ஸ் 1971 கடைசியில் வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்துத் தொலைக்க, அந்த ஆள் போய் 5,714 ஸ்ட்ரைக்அவுட், ஏழு நோ-ஹிட்டர் என்று யாரும் தொட முடியாத இடத்துக்குப் போய்விட்டார். இன்றைக்கு அந்த அட்டைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் கூஸ்மன் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்தாலும் கவலைப்பட மாட்டார்கள்.

இதற்கு மேல் ஒரு கொசுறு. வால்ஷ் இரட்டையர்கள் மினசோட்டாவிலிருந்து குடிவந்தவர்கள். கூஸ்மன் பிறந்ததும் மினசோட்டா. 1979இல் அவர் சொந்த மாநில அணிக்குப் போய் 20 ஆட்டம் ஜெயித்தார். அந்த அணியின் பெயர் மினசோட்டா ட்வின்ஸ். இரட்டையர்கள்! இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனைவியிடம் சொன்னேன். "சரி, லைட்டை அணைங்க" என்றாள்.

ஸ்டீவ் சாண்டர்ஸுக்கு லூ பர்டெட்டைத் தவிர வேறு யாரும் கிடையாது. 1957 உலகத் தொடரில் யாங்கீஸை மூன்று முறை மண்ணைக் கவ்வ வைத்த வலது கைப் பிட்சர். 1959 அட்டைக்குப் படம் எடுக்க வந்தபோது யாரிடமோ இடது கைக்காரரின் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, இடது கையால் பந்து போடுகிற மாதிரி நின்றுவிட்டார். டாப்ஸ் கவனிக்காமல் அப்படியே அச்சடித்தது. பெயரிலும் எழுத்துப் பிழை. பந்தில் எச்சில் தடவுகிறார் என்ற சந்தேகம் வேறு அவர்மேல் எப்போதும் இருந்தது. ஸ்டீவ் என்ன செய்தான்? ராத்திரியில் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து கம்ப்யூட்டரில் தன் மார்க்கை மாற்றினான், மாட்டிக்கொண்டான். தொழில் முறையில் சொல்கிறேன், லாக் பற்றி யோசிக்காதவன் அந்த வேலைக்குப் போகக் கூடாது.

கெல்லி டெய்லரைப் பொருத்தத்தான் ரொம்ப நாள் ஆனது. ஐந்தாவது சீசன் முடிவில் பிராண்டன் மோதிரத்தோடு நிற்கிறான், டிலன் உலகம் சுற்றலாம் வா என்கிறான். நீயும் வேண்டாம், அவனும் வேண்டாம், நான் என்னையே தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறாள். விடை டெட் வில்லியம்ஸ். 1954இல் இவருக்காகத்தான் போமனும் டாப்ஸும் மல்லுக்கட்டின. டாப்ஸ் ஒப்பந்தம் போட்டு, தன் வரிசையின் முதல் அட்டையாகவும் 250ஆவதாகவும், அதாவது கடைசி அட்டையாகவும், இவரையே வைத்தது. போமன் 66ஆம் எண்ணில் அச்சடித்த வில்லியம்ஸை அவசரமாகப் பிடுங்கிவிட்டு அந்த எண்ணில் ஜிம்மி பியர்சலைப் போட்டது. பியர்சலுக்கு ஏற்கெனவே 210ஆம் எண்ணில் ஒரு அட்டை இருந்தது, பாவம். இதோடு முடிந்ததா? 1959இல் வில்லியம்ஸ் மூன்றாவதாக ஃபிளீர் என்ற கம்பெனியோடு போய், 80 அட்டை கொண்ட வரிசை ஒன்று போட்டார். எண்பதிலும் அவர் ஒருத்தர்தான் கதாநாயகன். சின்ன வயசு டெட், மீன் பிடிக்கும் டெட், போர் விமானத்தில் டெட். தன்னையே தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான்.

ஆண்ட்ரியா ஜக்கர்மன் விஷயத்தில் முதலில் சும்மா ஜோக்குக்காகத்தான் அட்டையை எடுத்தேன். பதினாறு வயசு மாணவியாக நடித்த கேப்ரியல் கார்ட்டரிஸுக்கு நாடகம் தொடங்கும்போது 29 வயசு. அப்படியென்றால் வயசான புதுமுகம் வேண்டும். பேஸ்பாலில் வயசான புதுமுகம் என்றால் சாட்சல் பெய்ஜ். 1948 ஜூலையில் கிளீவ்லண்ட் அணிக்காக முதல் ஆட்டம் ஆடியபோது 42 வயசு. 1949 போமனில் அவருக்கு ஒரு அட்டை உண்டு, எண் 224. அங்கே புதுமுகம் போல நிற்கிறார்.

சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. ஆண்ட்ரியா அந்தப் பள்ளி எல்லைக்குள் வசிப்பவள் இல்லை. பாட்டி வீட்டு விலாசத்தைக் கொடுத்து உள்ளே நுழைந்தவள். தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. பெய்ஜுக்குக் கொடுக்க அப்படி ஒரு விலாசம்கூடக் கிடையாது. கறுப்பின ஆட்டக்காரர்களை 1947இல் ஜாக்கி ராபின்சன் வருகிறவரைக்கும் பெரிய லீக்குகள் சேர்க்கவே இல்லை. பெய்ஜ் தன் நல்ல வயசு முழுக்க நீக்ரோ லீக்குகளில் ஆடித் தீர்த்தார். அந்த இருபது வருஷத்துக்கு, இன்றைக்கு லட்சக்கணக்கில் பேசப்படுகிற அட்டை வரிசைகளில் அவர் இல்லை. ஆட்டம் இருந்தது, கூட்டம் இருந்தது, பபிள்கம் பாக்கெட்டில் மட்டும் இடம் இல்லை. 42 வயசில் வந்து அந்த அரை சீசனில் 6 வெற்றி, 1 தோல்வி. 1965இல் 59 வயசில் கூப்பிட்டு ஒரு ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் போட வைத்தார்கள், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 1953இல் டாப்ஸ் அவருக்கு அழகான ஓவிய அட்டை போட்டது. பெயரில் ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துத் தப்பாக அச்சடித்தது.

கடைசியாக டோனா மார்ட்டின். இவளுக்கு ஒரு தனி அட்டை இல்லை, ஒரு முழு வருஷ வரிசையையே கொடுக்க வேண்டியிருக்கிறது.

1993 மேயில் வந்த கதை. பள்ளி விருந்தில் டோனா கொஞ்சம் ஷாம்பெயின் குடித்து மாட்டிக்கொள்கிறாள். பட்டமளிப்பு விழாவுக்கு வரக்கூடாது என்று தண்டனை. பிராண்டன் தலைமையில் பள்ளிக்கூடமே பரீட்சையை விட்டுவிட்டு வெளியே நடக்கிறது. டோனா மார்ட்டினுக்குப் பட்டம் கொடு என்று ஊர்வலம், கோஷம். பணக்காரப் பிள்ளைகளின் போராட்டம் என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் நாலு பேரும் எழுந்து போகாமல் பார்த்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி அட்டைப் பக்கம். ஒரு பையன் பேஸ்பால் கம்பெனிக் கணக்கில் சின்ன லீக்கில் ஆடும்போதே டாப்ஸ் ஆள் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு ஐந்து டாலர் கொடுப்பார். நல்லதாகச் சாப்பிடு என்கிற மாதிரி. அதற்கு 'ஸ்டேக் காசு' என்றே பெயர். பெரிய லீக்குக்கு வந்துவிட்டால் வருஷத்துக்கு 125 டாலர். அவ்வளவுதான். நட்சத்திரமானாலும் சரி, பெஞ்சில் உட்காருகிறவரானாலும் சரி, அதே 125. அட்டை எத்தனை விற்றாலும் அதில் பங்கு கிடையாது.

1966இல் ஆட்டக்காரர் சங்கத்துக்கு மார்வின் மில்லர் வந்தார். எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பழுத்தவர். டாப்ஸ் தலைவர் ஜோயல் ஷோரினைப் பார்த்து, இந்த ஒப்பந்தம் நியாயமில்லை, மாற்ற வேண்டும் என்றார். ஷோரின் மரியாதையாகப் பேசி, உங்களிடம் என்ன பலம் இருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்கிற அர்த்தத்தில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். மில்லர் சண்டை போடவில்லை. ஆட்டக்காரர்களிடம் போய் இரண்டு விஷயம் கேட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள். டாப்ஸ் கேமராக்காரர் வந்தால் நிற்காதீர்கள்.

நிற்கவில்லை. 1968 முழுக்க மைதானம் மைதானமாக டாப்ஸ் கேமரா போய், ஆட்டக்காரர்கள் திரும்பிக்கொண்டார்கள். வேலைநிறுத்தம் என்று பெயர்கூட வைக்க முடியாத ஒன்று. எல்லாரும் வேலை செய்தார்கள், முகத்தை மட்டும் தரவில்லை.

அதன் தழும்பை 1969 டாப்ஸ் வரிசையில் இன்றைக்கும் பார்க்கலாம். பழைய படங்களைத் தூசி தட்டி மறுபடி போட்டிருக்கிறார்கள். அந்த வருஷம் நாலு புது அணிகள் வேறு வந்திருந்தன. அணி மாறியவர்களுக்குப் புதுப் படம் இல்லாததால், பழைய அணியின் சின்னம் தெரியாமல் இருக்கத் தொப்பி இல்லாத படமாகத் தேடி எடுத்துப் போட்டார்கள். வரிசை வரிசையாக வெறுந்தலைகள். அதே வரிசையில் 653ஆம் எண், கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸின் ஆரேலியோ ரோட்ரிகஸ். அட்டையில் இருப்பது ரோட்ரிகஸ் இல்லை. அணியில் மட்டைகளை எடுத்து வைக்கிற பையன் லியோனர்ட் கார்சியா! அட்டைச் சந்தையில் என் நண்பர் இதைக் காட்டியபோது வெறும் நகைச்சுவையாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. முகம் உன்னுடையது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் யார் முகத்தையும் ஒட்டிவிடுவார்கள்.

1968 நவம்பரில் டாப்ஸ் இறங்கி வந்தது. 125 என்பது 250 ஆனது. அதோடு, அதுவரை யாரும் பார்த்திராத ஒன்று: விற்பனையில் பங்கு. 40 லட்சம் டாலர் வரை 8 சதவீதம், அதற்கு மேல் 10. டோனா மார்ட்டினுக்குப் பட்டம் கிடைத்தது. இப்படி வந்த அட்டைக் காசும் பிற்பாடு முதலாளிகளோடு சங்கம் நடத்திய பெரிய சண்டைகளுக்குக் கை கொடுத்தது. பேஸ்பால் வரலாற்றில் 1970களின் மாற்றம் என்றால் எல்லாரும் நீதிமன்றத்தையும் தீர்ப்பையும் எழுதுவார்கள். சங்கத்துக்குத் தன் பலம் முதலில் தெரிந்த இடங்களில் சூயிங்கம் அட்டையும் ஒன்று என்பது என் கட்சி.

டேவிட் சில்வருக்கு யாரைக் கொடுத்தாய் என்று கேட்காதீர்கள். பதினைந்து வருஷமாகத் தேடுகிறேன். ராப் பாடுகிற பிட்சர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நான் ஊருக்குக் கிளம்பிய வாரம் அந்தப் பக்கத்து சீட்டு நண்பர் ஒரு கவர் கொடுத்தார். உள்ளே 1991 டாப்ஸ் 90210 பாக்கெட், பிரிக்காதது. "நீ பணக்காரன் ஆயிடுவேன்னு நினைக்காதே" என்றார். உண்மைதான். 52இல் கடலில் கொட்டும் அளவுக்கு மிஞ்சியது அபூர்வமாகிவிட்டதைப் பார்த்துவிட்டு, 80களின் கடைசியில் ஆளாளுக்கு அட்டையைப் பத்திரமாகப் பெட்டியில் போட்டுப் பூட்ட ஆரம்பித்தார்கள். கம்பெனிகளும் விடாமல் அச்சடித்துத் தள்ளின. எந்த அம்மாவும் எதையும் தூக்கிப் போடவில்லை. அதனால் அந்தக் காலத்து அட்டைகள் பெரும்பாலும் இன்றைக்கும் சல்லிசுதான்.

போன மாதம் டிராயரைக் குடைந்த என் மகள் அந்தப் பாக்கெட்டை எடுத்துவந்து "அப்பா, இதைப் பிரிக்கவா?" என்றாள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பிரி என்றேன். பிரெண்டா வருவாளா, டிலன் வருவானா என்று எட்டிப் பார்த்தேன். டிலன் இல்லை. பிரெண்டாவும் இல்லை. இரண்டு ஸ்டீவ்.